இரண்டு ஹால் டிக்கெட்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) முதல் வருடத்தில் ஷானன் - வீவர் மாதிரி என்று ஒரு படம் உண்டு. செய்தியின் மூலம், அனுப்பி, தடம், பெறுவி, சேருமிடம் என்று வரிசையாகப் பெட்டிகள். தடத்தை நோக்கி அம்பு விடும் இரைச்சல் என்று இன்னொரு பெட்டி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 'இதில் பின்னூட்டத்துக்கும் பொருளுக்கும் இடமில்லை என்பது குறை' என்று கீழே ஒரு வரி எழுதினால் மேம் மார்க்கில் கை வைக்க மாட்டார். அதோடு ஷானன் கதை முடிந்தது. அடுத்த வகுப்பில் வில்பர் ஷ்ராமின் மாதிரி வந்துவிடும்.

பிறகு ஒருநாள் இரவு, விடுதிக் கட்டிலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, கூடவே படிக்கும் இன்னொரு பட்டத்துக்கான மெஷின் லேர்னிங் பாடத்தின் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு மரம் என்ற முறை. ஒரு தரவுக் குவியலைப் பிரிக்க எந்தக் கேள்வியை முதலில் கேட்டால் குழப்பம் அதிகமாகக் குறையும் என்று கணக்கிட ஒரு சூத்திரம் வந்தது. பெயர் என்ட்ரோபி. தந்தவர் கிளாட் ஷானன், 1948. அதே ஆள், அந்தப் படம் வந்த அதே கட்டுரை! இங்கே பெட்டியும் இல்லை, அம்பும் இல்லை, லாகரிதம் மட்டும்தான். ஊடகத்துறைக்காரர்கள் படத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டார்கள், கணினித்துறைக்காரர்கள் சூத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். அடுத்தவர் கொண்டுபோன பாதியைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடுவதில்லை.

ஷானன் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய கவலை கம்பி வழியே போகும் சமிக்ஞை பற்றியது. செய்திக்கு என்ன பொருள் என்பது இந்தப் பொறியியல் கணக்குக்குத் தேவையில்லை என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டார். அடுத்த வருடம், 1949-ல், வாரன் வீவரின் விளக்கத்தோடு அது புத்தகமாக வந்தது. கம்பிக்குப் போட்ட படம் மனிதர்களுக்கும் பொருந்தும் என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது. எங்கள் பாடக்குறிப்பில் இதெல்லாம் கிடையாது. ஆனால் 'பொருள்' என்பதைக் கணக்கிலிருந்தே தள்ளிவைத்த ஒருவருடைய படத்தை வைத்துக்கொண்டு, 'இதில் பொருளுக்கு இடமில்லை' என்று அவர்மேலேயே குறை சொல்லிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தோம்.

1951-ல் ஷானன் இன்னொரு வேலை செய்தார். அச்சிட்ட ஆங்கில வாக்கியத்தின் எழுத்துகளை மறைத்துவிட்டு, அடுத்த எழுத்து என்னவாக இருக்கும் என்று ஆட்களை ஊகிக்கச் சொன்னார். சட்டென்று ஊகிக்க முடிகிற எழுத்தில் தகவல் குறைவு. திணறவைக்கிற எழுத்தில் தகவல் அதிகம். அடுத்த சொல் எது என்று ஊகிப்பதையே தொழிலாகக் கொண்ட இன்றைய ஏஐ மாதிரிகளுக்கு அது ஒருவகையில் பாட்டன் விளையாட்டு. அதை விடுதியில் தமிழில் ஆடிப் பார்த்தோம். அன்றைய செய்தித்தாளை நான் வைத்துக்கொண்டேன். அறைத்தோழிகள் ஊகிக்க வேண்டும். 'இந்தச் சம்பவம் அப்பகுதியில்' என்று நிறுத்தினேன். மூன்று கட்டிலிலிருந்தும் ஒரே குரல்: "பெரும் பரபரப்பை ஏற்படுத்தி உள்ளது!" பத்தொன்பது எழுத்துகளை ஒரு பிழையில்லாமல் சொல்லிவிட்டார்கள். அதாவது அந்த எழுத்துகளில் தகவல் என்று எதுவுமே இல்லை. 'அமைச்சர் அடிக்கல்' என்றால் 'நாட்டினார்'. 'போலீசார் வழக்குப்பதிவு செய்து' என்றால் 'விசாரித்து வருகின்றனர்'. ஆனால் இறந்தவருடைய தொழில் என்ன, அவருக்கு எந்த ஊர் என்ற இடங்களில் எல்லோரும் திணறினார்கள். தேய்வழக்கு கூடாது என்று ரிப்போர்ட்டிங் சார் மூன்று வருடமாகத் தொண்டை வற்றச் சொன்னது அந்த ராத்திரியில்தான் எனக்குக் கணக்காகப் பிடிபட்டது.

இரண்டு படிப்பு எப்படிச் சாத்தியமானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யூஜிசி 2022 ஏப்ரலில் வழி திறந்தது. இரண்டும் நேரில் போய்ப் படிப்பதென்றால் வகுப்பு நேரம் முட்டக் கூடாது. ஒன்று நேரில், ஒன்று ஆன்லைனில் என்றாலும் சரி. அதற்கு முன்பே, 2020-ல், சென்னை ஐஐடி ஆன்லைனில் புரோகிராமிங், டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பைத் தொடங்கியிருந்தது. இப்போது அது நான்கு வருட பிஎஸ். ஜேஇஇ வேண்டாம். பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ எந்தக் குரூப்பில் முடித்திருந்தாலும் நான்கு வாரம் பாடம் படித்துத் தகுதித்தேர்வு எழுதலாம். நான் காமர்ஸ் குரூப். அந்த ஒரு விதி இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. சமூகப் பிரிவுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்றபடி கட்டணச் சலுகையும் உண்டு. விஸ்காமுக்குச் சென்னையில் ஒரு கல்லூரி, இதற்கு ஒரு லேப்டாப். வீட்டில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும், "ரெண்டுக்கும் சேத்து ஒரே போட்டோதான எடுப்பாங்க பட்டமளிப்புக்கு?" என்று கேட்டாள்.

நடைமுறையில் சண்டை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். பிஎஸ்ஸில் ஒரு டேர்முக்கு இரண்டு குவிஸ், ஒரு இறுதித்தேர்வு. எல்லாம் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டியவை. அவை விழுவது ஞாயிற்றுக்கிழமை. விஸ்காமில் கேமராவும் டிரைபாடும் வெள்ளி மாலை லெட்ஜரில் கையெழுத்துப் போட்டு எடுத்தால் திங்கள் காலை திருப்ப வேண்டும். ஆகவே குறும்பட ஷூட் விழுவதும் ஞாயிற்றுக்கிழமைதான். நான் ஒளிப்பதிவு செய்யும் படங்களில் காலைக் காட்சிகளே இருக்காது என்று வகுப்பில் ஒரு கேலி இருந்தது. இயக்குநர்கள் கதையை மாலை வெயிலுக்கு மாற்றி எழுதினார்கள். மாலை வெயில் படத்துக்கு அழகுதான் என்பதால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

தேர்வு மையத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பதே ஒரு படிப்பு. பக்கத்து இருக்கையில் மீசை நரைத்த வங்கி ஊழியர், பின்னால் கைக்குழந்தையை மாமியாரிடம் வெளியே விட்டுவிட்டு வந்த அக்கா, முன்னால் பொறியியல் கல்லூரி அடையாள அட்டையோடு ஒரு பையன். விஸ்காம் ஆள் என்று சொன்னால் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "அப்ப சினிமாவா?" கல்லூரியில் வேறு மாதிரி. ஐஐடி என்றதும் பிரிண்டர் ஓடவில்லை, புரொஜெக்டர் படம் விழவில்லை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஐஐடியில் பிரிண்டர் பாடம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஊடகப் படிப்பில் 'டெக்னாலஜி' என்று சொல்வதெல்லாம் மென்பொருளை இயக்கத் தெரிவதுதான். போட்டோஷாப்பில் எந்த மெனு, பிரீமியரில் எந்த ஷார்ட்கட். மறுவருடம் மெனு இடம் மாறினால் அந்த அறிவு போச்சு. தொழில்நுட்பப் படிப்பில் 'கம்யூனிகேஷன்' என்றால் ஆங்கிலம் பேசுவது. பிஎஸ்ஸின் அடிப்படை நிலையிலும் எட்டுப் பாடத்தில் இரண்டு ஆங்கிலம்தான். பொறியியல் கல்லூரிகளில் அதுவும் சுருங்கி, இன்டர்வியூவில் கைகுலுக்குவது எப்படி என்பதில் வந்து நிற்கிறது. ஒருவரிடமிருந்து ஒரு விஷயத்தை எப்படிக் கேட்டு வாங்குவது, கேட்டதை எப்படிச் சரிபார்ப்பது, யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்விகளை அங்கே யாரும் எழுப்பிப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டைப் பற்றி இரண்டு துறைக்கும் தெரிந்தது வாசல் கோலம் மட்டும்தான்.

உள்ளே போனால் பொதுச்சுவர் தெரியும். கேமராவின் பின்திரையில் ஹிஸ்டோகிராம் என்று ஒரு மலை மாதிரி வரைபடம் வரும். இடப்பக்கம் குவிந்தால் படம் இருட்டு, வலப்பக்கம் முட்டினால் வெள்ளை வெடித்துவிட்டது என்று போட்டோகிராபி சார் சொல்லிக்கொடுத்திருந்தார். புள்ளியியல் முதல் தாளில் ஹிஸ்டோகிராம் வந்தபோது மற்றவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். எனக்கு அது பழைய சினேகிதம். கறுப்பு பூஜ்யம், வெள்ளை 255, நடுவில் ஒவ்வொரு வெளிச்ச அளவிலும் எத்தனை புள்ளி என்ற எண்ணிக்கை. வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டியை எடுக்கும்போதெல்லாம் பார்த்ததுதானே. சராசரி மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதும் அங்கேயே தெரிந்திருந்தது. பாதி கன்னங்கரேல், பாதி வெளேர் என்று இருக்கும் படத்துக்கும் சராசரி வெளிச்சம் 'சரியாக' வரும்.

ஆனால் இந்த இரட்டைப் படிப்பு எனக்குத் தொழிலாக மாறிய இடம் எங்கள் சித்தப்பாவின் டிடிபி கடை.

பிஎஸ்ஸில் பிசினஸ் டேட்டா மேனேஜ்மென்ட் என்று ஒரு பாடம் உண்டு. அதன் புராஜெக்டுக்கு நிஜமான ஒரு வியாபாரத்துக்குப் போய், நிஜமான கணக்கை வாங்கி, அதில் என்ன தெரிகிறது என்று எழுத வேண்டும். பலர் மளிகைக்கடை, மருந்துக்கடை என்று போனார்கள். நான் சங்கரன்கோவிலுக்கு ரயில் ஏறினேன். சித்தப்பா அங்கே கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பூப்புனித நீராட்டு விழா பிளெக்ஸ் எல்லாம் செய்து கொடுக்கிறார். கணக்கு என்று கேட்டதும் சிரித்தார். நீளமான நோட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். அதில் தேதி இருக்கும், தொகை இருக்கும். ஆள் பெயர் இருக்கும் இடத்தில் 'கண்ணாடி முருகன்', 'தறிக்கார அண்ணாச்சி மகன்', 'அன்னைக்கி வந்தவர்' என்று இருக்கும். தரவுத்தளப் பாடத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் தனி அடையாள எண் வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். சித்தப்பாவுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. அடையாளம் முழுக்க அவர் தலைக்குள் இருந்தது.

இங்கே கைகொடுத்தது விஸ்காம். ஆவணப்படத்துக்குப் பேட்டி எடுக்கும்போது நேரடியாக விஷயத்துக்குப் போகாதே, வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார், பேச்சு தானாக வரும் என்று பழக்கியிருந்தார்கள். இரண்டு மூன்று நாள் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நோட்டின் ஒவ்வொரு வரிக்கும் கதை வந்தது. கதை வரவர, எக்செல்லில் ஒவ்வொரு வரியாக ஏறியது. பாக்கி என்ற பத்தியைப் போட்டபோது ஒன்று கண்ணில் பட்டது: அஞ்சலி போஸ்டர் வரிகளில் பாக்கியே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"ஏட்டி, எழவு போஸ்டருக்கு யாரும் கடன் சொல்ல மாட்டாவ. கல்யாண வீட்டுக்காரன்தான் பொறவு தாரேன்ம்பான்."

எந்தப் புள்ளியியல் சோதனையும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது. வித்தியாசம் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கும். மாதக் கணக்கும் அப்படித்தான். கல்யாண வேலை ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் படுத்துவிடும் என்பது ஊரறிந்தது. ஆனால் சித்தப்பாவின் ஆடி மாதக் கோடு கீழே விழவில்லை, மேலே போனது. வெளியூர்க்காரர் யாராவது இந்தத் தரவை மட்டும் பார்த்திருந்தால் பதிவில் தவறு என்று அந்த மாதத்தையே நீக்கியிருப்பார். சங்கரன்கோவிலில் ஆடி என்றால் ஆடித்தபசுத் திருவிழா. வாழ்த்து பிளெக்ஸ், அன்னதான நோட்டீஸ், கொடை நோட்டீஸ். அறிக்கையில் இதை ஒரு பத்தி எழுதினேன். வைவாவில் கேட்டவர் அந்தப் பத்தியைத்தான் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கடையிலேயே இன்னொரு சுரங்கம் இருந்தது. பழைய கணினியில் வருடக்கணக்கான பேஜ்மேக்கர் கோப்புகள். ஒரு ஊரின் கல்யாணமும் சாவும் கொடையும் தேதிவாரியாக! அதிலிருந்த எழுத்துகளை எடுத்து நோட்பேடில் ஒட்டினால் தமிழ் என்று ஒன்றுமே இல்லை, ஆங்கிலக் கிறுக்கல். யூனிகோடு பரவும் முன்பு தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்தவை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துருவைக் கழற்றினால் அந்த வேஷம் கலைந்துவிடும். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு வேஷம் என்பதுதான் தொல்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று தரங்களை அறிவித்தது. டிடிபி கடைகள் கையில் பழகியதை விடவில்லை. 2010-ல் அரசு யூனிகோடை ஏற்ற பிறகும் அதே கதைதான்.

மாற்றும் நிரலை எழுதுவது முதலில் சுலபமாகத் தெரிந்தது. ஜே வந்தால் 'த', கே வந்தால் 'ம'. ஆனால் பழைய எழுத்துருக்களில் 'கெ' என்று அடிக்க முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு 'க'. கண்ணுக்குத் தெரியும் வரிசை. யூனிகோடில் முதலில் 'க', பிறகு கொம்பு. காதுக்குக் கேட்கும் வரிசை. ஆகவே கொம்புகளைத் தூக்கி ஒரு வீடு தள்ளி வைக்க வேண்டும். 'கொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால், இரண்டையும் பிடித்து ஒன்றாக்க வேண்டும். அதைச் சரியாக ஒன்றாக்காவிட்டால் இன்னும் நுட்பமான வம்பு: யூனிகோடில் 'கொ' என்பதை 'க'வோடு ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. 'கொடை' என்று தேடிப் பாதி நோட்டீஸ்தான் வந்தது என்றால் ஊரில் பாதிக் கொடைதான் நடந்தது என்று அர்த்தமில்லை. தேடும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பைத்தானில் அதற்கு ஒரே வரி போதும். அந்த வரி வேண்டும் என்று தெரிவதற்குத்தான் எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

எண்ணிக்கையும் இப்படித்தான். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கும். நமக்கு மூன்று எழுத்து. அதற்கு 'மி'யின் கொக்கி தனி, 'ழ்'மேல் இருக்கும் புள்ளி தனி. தலைப்புக்கு இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது என்று பத்திரிகை வடிவமைப்பாளர் சொன்னால் அவர் எண்ணுவது ஒன்று, இணையதளத்தின் பெட்டி எண்ணுவது வேறொன்று. எஸ்எம்எஸ்ஸில் இது காசாகவே தெரியும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் அனுப்பினால் 70 குறி, அதிலும் புள்ளியும் கொக்கியும் தனித்தனி. தமிழில் தகவல் சொல்ல நினைக்கும் அலுவலகம் ஒரே விஷயத்துக்கு இரண்டு மூன்று செய்திக்குப் பணம் கட்டும். பிறகு தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் அனுப்பும். மொழிப்பற்று இல்லை என்று அவர்களைத் திட்டிக் கட்டுரை எழுதுவது எளிது; நானும் அதற்கு ஆயத்தமாகத்தான் விசாரிக்கப் போனேன்.

அகர வரிசை இன்னொன்று. யூனிகோடு அட்டவணையில் புள்ளி எல்லா மெய்களுக்கும் பின்னால் இருக்கிறது, 'ன' நகரத்துக்கு அடுத்து இருக்கிறது. அகராதியில் 'பக்கம்' முன்னால், 'பகல்' பின்னால். பைத்தானை நம்பி அடுக்கினால் 'பகல்' முன்னால் வந்து நிற்கும். வாக்காளர் பட்டியலோ பரிசுப் பட்டியலோ இப்படி அடுக்கி அச்சடித்தால் கூப்பிட்டுக் கேட்க நம் ஊரில் ஒரு தமிழய்யா கண்டிப்பாக இருப்பார். ஓபன் தமிழ் போன்ற கட்டற்ற நிரல் நூலகங்கள் எழுத்துகளைப் பிரிக்கவும் சரியாக அடுக்கவும் வழி செய்து வைத்திருக்கின்றன. அதைச் சம்பளமில்லாமல் செய்துவைத்தவர்களுக்கு எந்த இதழியல் துறையிலும் ஒரு விழா எடுத்து நான் பார்த்ததில்லை.

இப்போது நான் ஒரு செய்தி நிறுவனத்தின் தரவுப் பிரிவில் இருக்கிறேன். ஆறு பேர் செய்ய வேண்டிய வேலையை மூன்று பேர் செய்கிறோம். நேரத்தில் பெரும்பகுதி கணக்குப் போடுவதில் போவதில்லை, பெயரை ஒத்துப்பார்ப்பதில் போகிறது. நான் பிறந்தபோது எங்கள் ஊரான சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டம். 2019-ல் தென்காசி பிரிந்தபோது ஊர் நகராமலே மாவட்டம் மாறிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம்; 2019-ல் ஐந்து, 2020-ல் மயிலாடுதுறை என்று சேர்ந்து இப்போது 38. அடுத்த கணக்கெடுப்பு 2021-ல் நடந்திருக்க வேண்டியது, தள்ளிப்போனது. ஆகவே தென்காசியில் நூறு பேருக்கு எத்தனை என்று யாராவது கேட்டால், கீழே போட வேண்டிய மக்கள்தொகையை வட்டம் வட்டமாகப் பழைய அட்டவணையிலிருந்து கூட்டி எடுக்க வேண்டும். அதற்கு வட்டத்தின் பெயர் ஒத்துப்போக வேண்டும். எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு துறை 'கோவில்' என்று எழுதும், ஒரு துறை 'கோயில்' என்று எழுதும், பழைய ஆவணம் 'சங்கரநயினார்கோயில்' என்னும். 2020 ஜூனில் ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றுகிறோம் என்று அரசு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் வேலூர் 'வீலூர்' என்று படிக்கும்படி ஆனது. நாடே சிரித்தது, சில நாளில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நான் அப்போது பள்ளி மாணவி, நானும்தான் சிரித்தேன். இப்போது அதே பட்டியலை எழுத முயன்ற அதிகாரிமேல் எனக்குக் கொஞ்சம் கரிசனம் உண்டு.

வேலையில் என்னோடு உட்காரும் பொறியியல் பையன்கள் கெட்டிக்காரர்கள். பிடிஎஃப் அறிக்கையிலிருந்து அட்டவணையை உருவுவதில் என்னைவிட வேகம். அட்டவணை கையில் வந்ததும் அது உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். 'யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள்?' என்று கேட்பது விஸ்காமில் ரிப்போர்ட்டிங் சார் எங்களுக்குப் போட்ட சூடு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வருடாந்திர அறிக்கையில் ஒரு விதி இருக்கிறது: ஒரே எஃப்ஐஆரில் பல குற்றங்கள் இருந்தால் அதில் மிகக் கடுமையானது மட்டுமே எண்ணப்படும். திருடப் போன இடத்தில் கொலை செய்தால் அது கொலைக் கணக்கில் ஏறும், திருட்டுக் கணக்கில் ஏறாது. தவிர, அங்கே எண்ணுவது பதிவான வழக்குகளை. ஒரு மாநிலத்தில் பெண்கள் தயங்காமல் புகார் கொடுத்தால், ஸ்டேஷனில் அதை மறுக்காமல் வாங்கினால், எண் ஏறும். பக்கத்து மாநிலத்தில் விரட்டிவிட்டால் எண் இறங்கும். 'குற்றங்கள் அதிகரிப்பு' என்று தலைப்பு கேட்டார் ஆசிரியர். 'வழக்குகள் அதிகரிப்பு' என்று கொடுத்தேன்.

"என்னம்மா, ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்ல சார்."

"ஒரு வரில சொல்லு, எதுக்கு இல்லன்னு."

ஒரு வரியில் சொல்ல வரவில்லை. மூன்று வரி ஆனது. அந்த மூன்று வரியும் தலைப்புக்குக் கீழே பெட்டியாகப் போனது, தலைப்பு என்னுடையதாக நின்றது. எல்லா நாளும் இப்படி முடிவதில்லை. 'அதிகரிப்பு' என்பதைவிட 'அதிர்ச்சி' நன்றாக ஓடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிஎஸ் இன்னும் முடியவில்லை. 142 கிரெடிட்டில் கொஞ்சம் பாக்கி. விஸ்காம் மூன்று வருடத்தில் முடிந்துவிட்டது, இது வேலையோடு சேர்ந்து நகர்கிறது. போன மாதம் எங்கள் கல்லூரி ஜூனியர் பெண் ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, ரெண்டும் சேரலாமா?" என்றாள். எல்லோருக்கும் சேரலாம் என்று நான் சொல்வதில்லை. தூக்கம் போகும், நல்ல சினிமாக்கள் பல பார்க்காமல் போகும், சேர்ந்து டீ குடிக்கிற கூட்டத்தில் நம் பெயர் மெல்ல விட்டுப்போகும். அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான்: அடிப்படை நிலை எட்டுப் பாடத்தை முடித்தால் அதற்கே ஒரு சான்றிதழ் உண்டு, பிறகு டிப்ளமோ, பிறகு பிஎஸ்சி, பிறகுதான் பிஎஸ், எந்தப் படியில் வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம். புள்ளியியல் இரண்டு தாளையும் பைத்தானையும் மட்டும் விடாதே. ஊருக்குப் போனால் யாராவது ஒரு கடைக்காரரின் கணக்கு நோட்டை இப்போதே கேட்டு வை, புராஜெக்ட் வரும்போது கேட்டால் கொடுக்க மாட்டார்கள். டைரக்ஷன் டிபார்ட்மென்ட்டிடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷூட் வைக்காதீர்கள் என்று முதல் செமஸ்டரிலேயே சொல்லிவிடு.

"அது ஏற்கெனவே சொல்லியாச்சுக்கா," என்றாள். "காலைல நான் எழுந்திரிக்கவே மாட்டேன்."